எங்கள் ஆமைக்குத் துணை வேண்டுமா? பக்கத்து வீட்டு ஆமையையும் எடுத்துக்கொள்ளலாமா?

மல்லிகைப்பந்தல் (குரோய்டன், லண்டன்), மே 9

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஹெர்மன் என்ற இனத்துத் தரை ஆமை ஒன்று இருக்கிறது. பெயர் செல்லம். முதலில் வைத்திருந்த குடும்பத்திடம் ஆறு வருடம், எங்களிடம் ஐந்து வருடம். ஆமை வரப்போகிறது என்றதும் அம்மா "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லி இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது காலையில் டான்டெலியன் இலை பறித்துக்கொண்டு வந்து அதற்குப் போடுவதே அம்மாதான்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பத்து நாளாகச் செல்லம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தோட்டத்தில் பலகை அடித்த அடைப்பு, 8 அடிக்கு 4 அடி. விடிந்ததிலிருந்து அந்தப் பலகை ஓரமாகவே நடக்கிறது. மூலைக்குப் போய்ப் பிராண்டுகிறது, ஏறப் பார்க்கிறது, இரண்டு தடவை மல்லாக்க விழுந்துவிட்டது. மூன்று நாளாகச் சாப்பாடும் குறைவு. ஒன்பது வயது மகள் "பாவம் அம்மா, அதுக்கு ஒருத்தரும் இல்லை" என்று அழுகிறாள்.

பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த மாதம் வீடு மாறுகிறார். அவரிடமும் ஒரு ஆமை இருக்கிறது. "எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும்" என்கிறார். சனிக்கிழமை கொண்டுவருவதாகப் பேச்சு. எடுக்கலாமா?

ஏரிக்கரை (ரொறன்ரோ), மே 9

அக்கா, தயவுசெய்து சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது.

2015இல் இரண்டு ரஷ்ய ஆமைக் குஞ்சுகள் வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒன்றாகவே வளர்ந்தன. விளக்கின் கீழே ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். "எவ்வளவு பாசம்" என்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். சண்டை ஒரு நாளும் இல்லை, கடி இல்லை, காயம் இல்லை.

ஆறாவது வருடம் நிறுத்துப் பார்த்தால் ஒன்று 640 கிராம், மற்றது 290 கிராம். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். பெரியது தட்டுக்கு நேரே போய்ச் சாப்பிடும். சின்னது மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டும். பெரியது நிமிர்ந்து பார்த்தாலே போதும், தலை உள்ளே போய்விடும். விளக்கடியில் சின்னது படுத்தால் பெரியது வந்து அதன் மேலேயே ஏறும். அது பாசம் இல்லை. இருக்கிற ஒரு சூடான இடத்தைப் பிடிக்கிற போட்டி. ஆறு வருடம் என் கண்ணெதிரே நடந்ததை நான் பார்க்கவே இல்லை.

அன்றிரவே பிரித்தேன். பதினான்கு மாதத்தில் சின்னது 510 கிராம். இரண்டுமே ஆண் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடிவீடு (ஸ்டுட்கார்ட்), மே 10

தம்பி சொல்வது அவர் அனுபவம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "ஆமை என்றாலே தனியாகத்தான்" என்று இப்போது எல்லா இடத்திலும் சட்டம் மாதிரிச் சொல்கிறார்கள், அதை நான் ஏற்கமாட்டேன்.

இருபத்திரண்டு வருடமாக ஹெர்மன் வைத்திருக்கிறேன். ஒரு ஆண், நான்கு பெண். சுமார் 70 சதுர மீட்டர் தோட்டம், நடுவே சிறிய கண்ணாடிக் கூடு. கல் குவியல், லாவெண்டர், ரோஸ்மேரி எல்லாம் இடையிடையே வைத்து, ஓரிடத்தில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியாதபடி செய்திருக்கிறேன். கண்ணுக்குப் படாமல் ஒதுங்க இடம் இருந்தால் பாதிச் சண்டை வராது. சாப்பாடு ஐந்து ஆறு இடங்களில். மாலையில் நான்கில் மூன்று பெண்கள் ஒரே லாவெண்டர் அடியில்தான் ஒதுங்கும். ஒன்றை வைத்தியரிடம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால் மற்றவை வந்து முகர்ந்து பார்க்கும். ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது, பொருட்டில்லை என்று யாராவது சொன்னால் இங்கே வந்து ஒரு கோடை இருந்து பாருங்கள்.

இரண்டாக மட்டும் வைக்கக்கூடாது, அது மிக மோசம். அதில் தம்பியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இரண்டு இருந்தால் ஒன்றின் தொல்லை முழுவதும் மற்றதன் தலையில்தான் விழும், பங்குபோட ஆள் இல்லை. ஒரு ஆண், ஒரு பெண் என்றால் அந்தப் பெண்ணின் கதி அதோகதி. ஆண் ஓட்டோடு ஓடு மோதும், காலைக் கடிக்கும், விடாமல் மேலே ஏறும். வால் பக்கம் புண்ணாகிப் புழு வைத்த பெண் ஆமைகளை என்னிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். என் ஆணைக்கூட வசந்தகாலத்தில் இரண்டு மாதம் பிரித்துத்தான் வைக்கிறேன்.

படிப்பறை (கோவை), மே 10

விலங்கு நடத்தை படிக்கிறேன். ஆமை வளர்த்ததில்லை, ஆனால் இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன்.

2018இல் எலிசபெத்தா வெர்சாச்சே குழுவினர் இத்தாலியில் தரை ஆமைக் குஞ்சுகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு குஞ்சை இன்னொரு குஞ்சோடு சில வாரம் வளர்த்துவிட்டு, பிறகு அதே குஞ்சையும் முன்பின் தெரியாத குஞ்சையும் தனித்தனியே எதிரில் விட்டார்கள். பழகியதை அது பொருட்படுத்தவில்லை, அதன்பாட்டுக்குத் திரிந்தது. தெரியாததைக் கண்டால் முதலில் கிட்டப் போய்ப் பார்த்தது, பிறகு விலகிப் போனது. அதாவது யார் தெரிந்தவர், யார் அந்நியர் என்று குஞ்சுக்கே தெரிகிறது. ஆனால் கூட்டம் சேரும் ஆசை இல்லை. தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சு பொரித்த நாளிலிருந்து தனியாள்.

கண்ணாடிவீடு ஐயா சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2010இல் ஆனா வில்கின்சன் குழுவினர் தென் அமெரிக்கச் செங்கால் ஆமைகளுக்கு ஒரு வேலை வைத்தார்கள். V வடிவ வேலிக்குள் உணவு, சுற்றிப் போனால்தான் கிடைக்கும். தானாக முயன்ற ஆமைகளால் முடியவில்லை. பழகிய இன்னொரு ஆமை போவதைப் பார்த்தவை கற்றுக்கொண்டன. தனியாக வாழும் பிராணி இன்னொன்றைப் பார்த்துக் கற்கிறது! எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனாலும் கவனிப்பது வேறு, துணைக்கு ஏங்குவது வேறு என்றுதான் நினைக்கிறேன்.

காட்டிலும் நெரிசல் நல்லது செய்வதில்லை. வடக்கு மாசிடோனியாவின் பிரெஸ்பா ஏரியில் கோலெம் கிராட் என்று ஒரு தீவு. அங்கே ஹெர்மன் ஆமைகள் நெருக்கமாக வாழ்கின்றன, ஆண்கள் பெண்களைவிடப் பல மடங்கு. ஆண்களின் துரத்தல் தாங்காமல் பெண்கள் அந்தத் தீவின் பாறை விளிம்பிலிருந்து கீழே விழுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஏரிக்கரை (ரொறன்ரோ), மே 10

கண்ணாடிவீடு அண்ணா, 70 சதுர மீட்டர் தோட்டமும் கண்ணாடிக் கூடும் உள்ளவர் நீங்கள். இங்கே கேட்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் ஒரு மேசையும் ஒரு விளக்கும்தான் இருக்கும். லாவெண்டர் அடியில் மூன்றும் ஒதுங்குவது அந்த இடம்தான் தோட்டத்திலேயே கதகதப்பானது என்பதாலும் இருக்கலாம் இல்லையா?

கண்ணாடிவீடு (ஸ்டுட்கார்ட்), மே 10

இருக்கலாம் தம்பி. அதைப் பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. ஆனால் அதே அளவு வெயில் விழும் இன்னும் இரண்டு புதர் அங்கே காலியாகத்தான் கிடக்கிறது.

வெள்ளெருக்கு (பர்மிங்ஹாம்), மே 10

எல்லாரும் துணை வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறோம், அக்கா எழுதிய முதல் பதிவைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். நான் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ், ஊர்வன பிரிவில் வேலை. எனக்கு அதைப் படித்ததும் பக்கென்றது.

மல்லிகைப்பந்தல் அக்கா, உடனே பதில் சொல்லுங்கள். செல்லம் ஆணா பெண்ணா? வால் நீளமாக இருந்து பக்கவாட்டில் மடித்து வைத்திருந்தால், வயிற்றுப் பக்க ஓடு குழிந்திருந்தால், ஆண். வால் குட்டையாகக் கட்டையாக, வயிறு தட்டையாக இருந்தால் பெண். எடை எவ்வளவு, போன மாதம் எவ்வளவு? மூலையில் பிராண்டுவது முன்னங்காலாலா பின்னங்காலாலா?

மல்லிகைப்பந்தல் (குரோய்டன், லண்டன்), மே 10

வால் குட்டை, வயிறு தட்டை. இன்று 1,340 கிராம், ஏப்ரல் தொடக்கத்தில் 1,255. சாப்பிடாமலே கூடியிருக்கிறது, நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. முன்னங்காலால் ஏறப் பார்க்கும், பிறகு திரும்பி நின்று பின்னங்காலால் மண்ணைக் கிளறும். கொஞ்சம் கிளறிவிட்டு விட்டுவிட்டு வேறு மூலைக்குப் போகும்.

ஆனால் ஐந்து வருடமாக ஆண் ஆமையைக் கண்ணால்கூடக் கண்டதில்லையே? முட்டை எப்படி வரும்?

வெள்ளெருக்கு (பர்மிங்ஹாம்), மே 10

கோழிக்கு வருகிற மாதிரித்தான் அக்கா. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும், கரு இருக்காது, அவ்வளவுதான். (ஆணோடு இருந்த பெண் ஆமை விந்தைச் சில வருடம் உடம்பிலேயே வைத்திருந்து பிறகும் கருவுள்ள முட்டை இடும், அது இன்னொரு கதை.) செல்லம் முட்டையிட இடம் தேடி அலைகிறது என்று நினைக்கிறேன். இடம் பிடிக்காவிட்டால் அடக்கி வைக்கும். அடக்கி வைத்தால் முட்டை உள்ளேயே தங்கி, உடைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். நாளைக்கே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கிற இடம் போதாது.

கூடவே இன்றைக்கே இடம் தயார் செய்யுங்கள். வெயில் விழும் பக்கம், மண்ணும் மணலும் கலந்து 25 செ.மீ. ஆழம், லேசான சரிவு. பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம். லண்டன் மே மாதத்தில் மண் சில்லென்று இருக்கும், அதனால் மேலே ஒரு சூட்டு விளக்கு தொங்கவிடுங்கள். கணவாய் ஓடு ஒன்று போட்டுவையுங்கள், கால்சியம். அது மண்ணைத் தோண்டத் தொடங்கினால் பிள்ளையைக் கிட்டப் போகவிடாதீர்கள், ஆள் அரவம் கேட்டால் விட்டுவிட்டுப் போய்விடும்.

கண்ணாடிவீடு (ஸ்டுட்கார்ட்), மே 10

நர்ஸ் பிள்ளை சொன்னதைச் செய்யுங்கள். என் கண்ணுக்கும் முதலில் இது படவில்லை, மன்னியுங்கள்.

பக்கத்து வீட்டு ஆமையின் பின்பக்கப் படம் ஒன்று போடுங்கள். துணையாக வைப்பதோ இல்லையோ, அது என்ன இனம் என்று பார்க்கவேண்டும்.

மல்லிகைப்பந்தல் (குரோய்டன், லண்டன்), மே 11

எக்ஸ்ரேயில் ஐந்து முட்டை! ஐந்தும் வெள்ளை வெள்ளையாக, ஓடு முழுசாக இருக்கிறது. கால்சியம் ஊசி போட்டார்கள். நான்கைந்து நாளில் இடாவிட்டால் முட்டையை வெளியே தள்ளும் ஊசி போடலாம் என்றார்கள். அம்மா வாசலிலேயே நின்று "வயிற்றுப்பிள்ளைக்காரியையா அப்படி நடக்க விட்டோம்" என்று கண் கலங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஆமையின் படத்தை இணைத்திருக்கிறேன். அவரும் ஹெர்மன் என்றுதான் சொல்கிறார்.

கண்ணாடிவீடு (ஸ்டுட்கார்ட்), மே 11

அது ஹெர்மன் இல்லை. தொடையைப் பாருங்கள், வாலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள் மாதிரிப் புடைப்பு இருக்கிறது. அது கிரேக்க ஆமை. ஹெர்மனுக்குத் தொடையில் அந்த முள் இருக்காது, வால் நுனியில் நகம் மாதிரி ஒன்று இருக்கும். வாலுக்கு மேலே உள்ள ஓட்டுத் தகடும் ஹெர்மனில் பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும், இதில் ஒரே தகடு.

இது சின்ன விஷயமில்லை. ஆமைகளுக்கு ஒரு ஹெர்ப்பீஸ் நோய் உண்டு. கிரேக்க ஆமை அந்த வைரஸை வருடக்கணக்கில் சும்மா சுமந்துகொண்டு திரியும், பார்க்க நன்றாகவே இருக்கும். அதே வைரஸ் ஹெர்மனுக்கு வந்தால் வாயெல்லாம் மஞ்சள் படலம், சாப்பிட முடியாது, பெரும்பாலும் இறந்துவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒருவர் கொடுத்த ஆமையை இரண்டு வாரம் மட்டும் தனியே வைத்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று உள்ளே விட்டேன். ஆறு வாரத்தில் மூன்று பெண்களைப் புதைத்தேன். வெந்நீர்க் குளியலில் பிடித்திருந்தேன், தலையைத் தூக்க முடியாமல் என் உள்ளங்கையிலேயே வைத்திருந்தது ஒன்று. அதற்குப் பிறகு புதிதாக எது வந்தாலும் ஒரு வருடம் தனி இடம், தனித் தட்டு, தனிச் செருப்பு, இரத்தப் பரிசோதனை. இனம் கலப்பது அறவே கிடையாது.

கூட்டமாக வைக்கலாம் என்று சொல்கிற நான்தான் இதையும் சொல்கிறேன்.

நெய்தல்கரை (சென்னை), மே 12

அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஒரு நட்சத்திர ஆமை இருக்கிறது. மாமா எங்கிருந்தோ கொண்டுவந்தது. ராசி என்று சொன்னார். தனியாக இருக்கிறது, ஜோடிக்கு இன்னொன்று வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

படிப்பறை (கோவை), மே 12

வாங்கவே வாங்காதீர்கள். இருப்பதையும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையை வளர்ப்பது குற்றம். 2022 திருத்தத்தில் அதை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்கே கொண்டுபோய்விட்டார்கள். நாடுகளுக்கிடையே அதை வைத்து நடக்கும் வணிகத்துக்கும் 2019 முதல் தடை. ராசி என்று சொல்லித்தான் ஆந்திரா, தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் கோணியில் கட்டிக் கடத்துகிறார்கள். நீங்கள் இன்னொன்று வாங்கினால் அதற்காகக் காட்டிலிருந்து இன்னொன்றைப் பிடிப்பார்கள்.

பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். நீங்களாகக் கொண்டுபோய்க் காட்டில் விடவேண்டாம், எந்தப் பகுதியுடையது என்று தெரியாது, நோயும் போகும்.

நெய்தல்கரை (சென்னை), மே 12

இது தெரியாது அண்ணா. மாமாவிடம் பேசுகிறேன். எங்கள் பாட்டி ஊர்க் கிணற்றில் ஒரே ஒரு கறுப்பு ஆமை ரொம்ப வருடம் இருந்தது. தண்ணீர் சுத்தமாகும் என்று விட்டது. எட்டிப் பார்த்தால் படிக்கல்லில் ஏறி உட்கார்ந்திருக்கும். பாவம் தனியா இருக்கே என்று சின்ன வயசில் எனக்கும் தோன்றும், அதனால்தான் கேட்டேன்.

மல்லிகைப்பந்தல் (குரோய்டன், லண்டன்), மே 13

இன்னும் இடவில்லை. நேற்று விளக்கடியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

மகள் இன்னும் சமாதானமாகவில்லை. கென்யாவில் நீர்யானைக் குட்டியும் ஆமையும் நண்பர்களாக இருந்த படத்தைக் காட்டி, "அப்ப இது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 2004 சுனாமியில் தாயை இழந்த குட்டி என்று அதில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் வந்தாலே பேச்சு நின்றுவிடும்.

படிப்பறை (கோவை), மே 13

நீர்யானைக் குட்டி பெயர் ஓவன், ஆமை பெயர் ம்ஸே. மொம்பாசாவில் நடந்தது. தங்கையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: துணை தேவைப்பட்டது நீர்யானைக் குட்டிக்கு. அது தாயோடு ஒட்டித் திரிகிற பிராணி, தாய் இல்லை, பக்கத்தில் பெரிதாகச் சாம்பல் நிறத்தில் ம்ஸே இருந்தது, போய் ஒட்டிக்கொண்டது. ம்ஸே முதலில் சீறி விலகித்தான் போனது. பிறகு பொறுத்துக்கொண்டது. ஆமை பொறுத்துக்கொள்ளும் பிராணி. அந்தப் பொறுமையைப் பார்த்து நாம் அதற்கு ஆசை என்று நினைத்துவிடுகிறோம்.

மல்லிகைப்பந்தல் (குரோய்டன், லண்டன்), மே 15

இட்டுவிட்டது!!

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. நாங்கள் மூன்று பேரும் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றோம். முதலில் மண்ணை முகர்ந்தது. பிறகு திரும்பி நின்று, பின்னங்கால் ஒன்றை உள்ளே விட்டு, பாதத்தை அகப்பை மாதிரிக் குவித்து மண்ணை அள்ளி வெளியே வைத்தது. அடுத்தது மறு கால். இடது, வலது, இடது, வலது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் இப்படியே. குழி தன் கால் எட்டுகிற ஆழம் வந்ததும் நிறுத்திவிட்டது. ஒவ்வொரு முட்டை விழுந்ததும் காலை விட்டு மெதுவாக ஓரமாக ஒதுக்கி, அடுத்ததற்கு இடம் செய்தது. ஐந்தாவதற்குப் பிறகு அள்ளி வைத்த மண்ணையெல்லாம் திரும்பத் தள்ளி மூடி, உடம்பைத் தூக்கித் தொப் தொப் என்று போட்டு இறுக்கியது. ஐந்தரை மணிக்குப் பார்த்தால் அங்கே ஒரு குழி இருந்தது என்றே தெரியாது.

பிறகு நேரே தண்ணீர்த் தட்டுக்குப் போய்க் கழுத்தை நீட்டி நிறையக் குடித்தது. இன்று காலை 1,235 கிராம். அம்மா போட்ட டான்டெலியன் எல்லாம் காலி. பலகை ஓரத்து நடையும் நின்றுவிட்டது.

மகள் பார்த்துவிட்டு, "அதுக்கு மண்தான் வேணுமாயிருந்தது அம்மா" என்றாள்.

வெள்ளெருக்கு (பர்மிங்ஹாம்), மே 15

அப்பாடா! அக்கா, சில வாரத்தில் இரண்டாவது தடவையும் இடலாம், அந்த மண் மேட்டைக் கலைக்காதீர்கள். அடைப்பையும் முடிந்தால் பெரிதாக்குங்கள். 8க்கு 4 அந்த அளவு ஆமைக்குப் போதாது.

ஏரிக்கரை (ரொறன்ரோ), மே 16

அந்தப் பக்கத்து வீட்டு ஆமை என்ன ஆயிற்று? அதற்கும் ஒரு வீடு வேண்டுமே.

மல்லிகைப்பந்தல் (குரோய்டன், லண்டன்), மே 20

அவரிடம் படத்தைக் காட்டி விளக்கிச் சொன்னேன். முதலில் மனம் வருந்தினார், பிறகு புரிந்துகொண்டார். வேறு ஆமை எதுவும் இல்லாத ஒரு ஓய்வுபெற்ற தம்பதி, என்னோடு வேலை செய்பவரின் பெற்றோர், எடுத்துக்கொள்கிறார்கள். பணம் வாங்கி விற்பதென்றால் ஆர்ட்டிகிள் 10 என்கிற அரசு அனுமதிச் சான்றிதழும், ஆமையின் உடம்பில் வைக்கிற அடையாளச் சிப்பும் வேண்டும் என்று வெள்ளெருக்கு தனிச்செய்தியில் சொன்னார். இது சும்மா கொடுப்பதுதான், ஆனாலும் இருந்த பத்திரங்களையெல்லாம் கூடவே கொடுத்துவிட்டார்.

நெய்தல்கரை (சென்னை), மே 29

மாமா கோபித்துக்கொண்டார். ஆனால் நானும் அப்பாவும் போய் ஒப்படைத்துவிட்டோம். அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம், வழியெல்லாம் பிராண்டிக்கொண்டே வந்தது.

மல்லிகைப்பந்தல் (குரோய்டன், லண்டன்), அக்டோபர் 26

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், கேட்டவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று. ஜூனில் இன்னும் நான்கு முட்டை, அதே மேட்டில். அடைப்பை வேலி வரைக்கும் நீட்டிவிட்டோம். கண்ணாடிவீடு அண்ணா சொன்னபடி லாவெண்டரும் கல்லும் வைத்தேன், ஒரு ஆமைதான் என்றாலும் ஒளியவும் வெயில் காயவும் மாறி மாறிப் போகிறது.

இப்போது குளிர்கால உறக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறோம். சாப்பாட்டை நிறுத்தி மூன்று வாரம், தினமும் வெந்நீர்க் குளியல். இன்று 1,310 கிராம். தனிச் சின்ன ஃப்ரிட்ஜ், 5 டிகிரியில் நிற்கிறதா என்று மகள் காலையும் மாலையும் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறாள். அந்த ஃப்ரிட்ஜில் தயிர் வைக்கலாமா என்று அம்மா கேட்டார். இல்லை அம்மம்மா, அது செல்லத்துக்கு மட்டும் என்று மகள் கதவில் எழுதி ஒட்டிவிட்டாள்.